முப்பத்தொன்பது பச்சை, ஒரு சிவப்பு

வியாழக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு, பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில், அருள்ஜோதி அக்கா ஒரு காகிதத்தைப் பார்த்துச் சிரித்தார். அக்கா சிரித்தால் அன்றைக்கு யாருக்கோ நேரம் சரியில்லை என்பது இரண்டு வருட அனுபவம்.

"அசீமு, இந்த ஸ்கூல்ல முப்பத்தொம்போது லேப்டாப்புல பிள்ளைங்க ஆறு மாசமா தட்டுதுங்க. மொத்தம் எத்தன தடவ தப்பா தட்டி அழிச்சிருக்கும், சொல்லு."

"ஒரு லட்சம்?"

"பூஜ்யம்."

"அவ்வளவு நல்ல பிள்ளைங்களா? இந்த ஊர் தண்ணி அப்படி போல."

"நீ மங்கலம்பேட்டைதான? பத்து கிலோமீட்டர்ல தண்ணி மாறிடுச்சா?" என்றார் அக்கா.

நான் அசீம். சவூதியில், தம்மாமில் ஒரு பெரிய கடையின் பின்னறையில் உட்கார்ந்து ஆறு வருடம் பதினாறு கேமராக்களைப் பார்த்துக்கொண்டிருந்தவன். ஆறு வருடத்தில் நான் பிடித்துக் கொடுத்த ஒரே திருடன் முதலாளியின் மைத்துனன். அதனால்தான் ஊருக்குத் திரும்பி வந்தேன். அக்கா தபால் இலாகாவின் புகார்ப் பிரிவில் இருபத்திரண்டு வருடம் காணாமல்போன கடிதங்களைத் தேடியவர். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, விருத்தாசலம் கடலூர் ரோட்டில் ஒரு பாத்திரக்கடையின் மாடியில் துப்பறியும் அலுவலகம் போட்டிருக்கிறார். கீழே எவர்சில்வர் விழும் சத்தம், மேலே நாங்கள். பெயர்ப் பலகையில் துப்பறிதல் என்று இருக்கிறது. வருவதெல்லாம் கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளையை விசாரிக்கும் கேஸ்கள்தான்.

அதனால் இரண்டு நாள் முன்பு சென்னையிலிருந்து ராஜ்மோகன் போன் செய்தபோது நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒரு அறக்கட்டளையின் திட்ட அதிகாரி. ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளுக்கு மலிவு விலை லேப்டாப் கொடுக்கிறார்கள். இந்தப் பள்ளிக்கு நாற்பது. சின்னத் திரை, பச்சை ரப்பர் விளிம்பு, உள்ளே ஒரு சிம் கார்டு. அந்த சிம்தான் உளவாளி. தினமும் எத்தனை நிமிடம் தட்டினார்கள், எந்த நேரத்தில் தட்டினார்கள், எத்தனை எழுத்தை அழித்தார்கள் என்று சாயங்காலமானால் சென்னைக்குச் சொல்லிவிடும். பாட வேளையில் நாற்பது நிமிடம் தட்டினால் சென்னையில் பச்சைப் புள்ளி. குறைந்தால் மஞ்சள். கண்ட நேரத்தில் தட்டினால் சிவப்பு.

இந்தப் பள்ளியில் முப்பத்தொன்பது பச்சை, ஒரு சிவப்பு.

"இருபத்தேழாம் நம்பர் மட்டும் காலைல அஞ்சரைக்கு ஓடுது, ஞாயித்துக்கிழமை ஓடுது. யாரோ வெளில தூக்கிட்டுப் போயிட்டாங்க. டவர் வெச்சுப் பார்த்தா விருத்தாசலம்னு காட்டுது, அதுக்கு மேல தெரியல. ஸ்கூல்ல இல்லன்னு ஒரு வரி உறுதியா அனுப்புங்க. இங்கேர்ந்தே பூட்டிடுவேன். எடுத்தது யாருன்னு பேரு குடுத்தீங்கன்னா போலீஸ்ல புகார். நாலு பேருக்குப் பயம் வரணும் பாருங்க" என்றார் ராஜ்மோகன். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "உடனுக்குடன் எனக்கு மெசேஜ் பண்ணிடுங்க அசீம். மேடம் கொஞ்சம் ஸ்லோவா இருக்காங்க" என்றார்.

என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு பெரிய மனிதர் பேசியதில் எனக்குக் கொஞ்சம் தலைகால் புரியவில்லை. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அக்கா டீயை முடித்துவிட்டு, ராஜ்மோகன் அனுப்பிய அந்தக் காகிதத்தை என் பக்கம் திருப்பினார். "இருபத்தேழுல எத்தன அழிப்புன்னு பாரு."

நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு.

"போஸ்டாபீஸ்ல ஒண்ணு கத்துக்கிட்டேன். நெஜமான கடுதாசில அடிச்சு அடிச்சு எழுதியிருப்பாங்க. போலிக் கடுதாசிதான் சுத்தமா இருக்கும். திருடு போனது எதுன்னு நமக்குத் தப்பா சொல்லியிருக்காங்கன்னு நெனக்கிறேன். எந்திரி."

★

தலைமையாசிரியர் அருளானந்தம் வெள்ளைச் சட்டை போட்ட ஒல்லியான மனிதர். எங்களை உட்கார வைத்து, ஃபேனை எங்கள் பக்கம் திருப்பிவிட்டு, தான் வியர்த்துக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டர் வகுப்பு எப்படி நடக்கிறது என்று அக்கா கேட்டதுதான் தாமதம், ஒன்பதாம் வகுப்பு நோட்டுகளை ஒரு கட்டாகத் தூக்கிவந்து மேஜையில் வைத்தார்.

"நீங்களே பாருங்க மேடம். தெனமும் ரெண்டு பத்துக்கு கிளாஸு. லீமா டீச்சர் எடுக்கறாங்க. மாவட்டத்துலயே நம்ம பிள்ளைங்கதான் முதல்லன்னு சென்னைலேர்ந்து பாராட்டுக் கடுதாசி வந்துருக்குது. ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கேன்."

மாட்டியிருந்தார். கண்ணாடிக்குள் கையெழுத்துப் போட்டிருந்தவர் ராஜ்மோகன்.

நோட்டுகளை நான் புரட்டினேன். கணினியின் பாகங்கள். திரை, விசைப்பலகை, சுட்டி. படம் வரைந்து பாகங்களைக் குறித்திருந்தார்கள். கலர் பென்சில், ஸ்கேல் கோடு, எல்லாம் அழகாக இருந்தது. ஒரு நோட்டில் விசைப்பலகைக்குப் பக்கத்தில் ரோஜாப்பூகூட இருந்தது.

"கம்ப்யூட்டருக்கு வாசனை வேற வெச்சிருக்காங்க" என்றேன்.

அக்கா சிரிக்கவில்லை. விரலை அந்தப் படத்தின் மேல் வைத்தார். கட்டம் கட்டமாக வரைந்த விசைகளில் எழுத்துகள் வரிசையாக இருந்தன. ஏ, பி, சி, டி, ஈ.

அடுத்த நோட்டு. ஏ, பி, சி, டி. அதற்கடுத்ததும் அப்படியே.

எனக்கு உறைக்கச் சற்று நேரமானது. விசைப்பலகையில் எழுத்துகள் அகர வரிசையில் இருப்பதில்லை. அதை ஒரே ஒரு தடவை தொட்டவனுக்குக்கூடத் தெரியும். ஆறு மாதமாகத் தினமும் நாற்பது நிமிடம் தட்டுகிற பிள்ளைகளுக்குத் தெரியவில்லை.

"கரும்பலகைல டீச்சர் கட்டம் மட்டும் போட்டிருப்பாங்க. எழுத்து நெறையட்டும்னு பிள்ளைங்களே நிரப்பியிருக்குங்க" என்று அக்கா என் காதோடு சொன்னார்.

கடைசி நோட்டுக்கு முந்தைய நோட்டில் ரோஜாப்பூ இல்லை. கலர் இல்லை. கோடுகூடக் கோணல். ஆனால் எழுத்துகள் 'கியூ'வில் தொடங்கின. டபிள்யூ, ஈ, ஆர், டி. ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் இருந்தது. கீழே நீளமான ஸ்பேஸ் பட்டன். ஓரத்தில் பென் டிரைவ் சொருகும் ஓட்டைக்கு மேல் ஒரு குறுக்குக் கோடு போட்டு 'அடைத்திருக்கும்' என்றுகூட எழுதியிருந்தது.

அட்டையில் பெயர்: கொ. கனிமொழி, ஒன்பது பி.

"யாரு சார் இந்தப் பிள்ள?" என்று அக்கா சாதாரணமாகக் கேட்டார்.

"அதுவா? சுமாராத்தான் படிக்கும். படம் சரியா போடாது" என்றார் அருளானந்தம்.

எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்கு நகைச்சுவை வரும், அது ஒரு வியாதி. "ஆமா சார், மத்தவங்க எல்லாம் எவ்வளவு சரியா போட்டிருக்காங்க" என்றேன்.

அக்கா என் காலை மிதித்தார்.

★

இரண்டு பத்துக்கு மணி அடித்தது. கம்ப்யூட்டர் அறை மாடியில். நாங்கள் படியேறியபோது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் வராந்தாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சுவரில் சாய்த்து வைத்த கரும்பலகையிலிருந்து 'இணையத்தின் பயன்கள்' என்பதை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரு பயனையும் கண்ணால் பார்த்ததில்லை, ஆனால் ஏழு பயன்கள் எழுதினார்கள். அறைக் கதவு சாத்தியிருந்தது.

அக்கா தட்டவில்லை. தள்ளினார்.

நான் பல அறைகளைக் கேமராவில் பார்த்தவன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

நீள மேஜைகளில் முப்பத்தொன்பது லேப்டாப்கள் திறந்திருந்தன. முப்பத்தொன்பது திரைகளும் எரிந்தன. ஒவ்வொன்றின் ஸ்பேஸ் பட்டன் மேலும் ஒரு பீங்கான் பொம்மை உட்கார்ந்திருந்தது. தும்பிக்கை உடைந்த யானை. காதில்லாத முயல். சூளையில் வெடித்து வயிறு பிளந்த பிள்ளையார். மூக்குப் போன கிளி. திரைகளில் வெற்றிடம் வெற்றிடமாக, பக்கம் பக்கமாக, பாடம் ஓடிக்கொண்டிருந்தது. சாயங்காலமானால் சென்னையில் முப்பத்தொன்பது பச்சைப் புள்ளிகள் எரியும்.

"வகுப்புல ஒரு சத்தம் இல்ல பாருங்கக்கா. ஒழுக்கமான பிள்ளைங்க" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அறையின் மூலையில் கையில் ஒரு முயலோடு நின்றிருந்த பெண் அதைக் கீழே வைக்கவும் மறந்து எங்களைப் பார்த்தாள். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். லீமா டீச்சர். தற்காலிகம்.

"நீங்க சென்னை ஆளுங்களா?"

"விருத்தாசலம்தாம்மா. சென்னைக்காரங்க அனுப்புனாங்க" என்றார் அக்கா. "இருபத்தேழு எங்க?"

லீமா எண்ணிப் பார்ப்பதுபோல் மேஜைகளைப் பார்த்தாள். பிறகு அந்த நடிப்பை விட்டுவிட்டாள். "அது இங்க இல்லைங்க."

அந்த நேரம் பார்த்து என் கை சும்மா இருக்கவில்லை. போனை எடுத்து ராஜ்மோகனுக்கு ஒரு வரி தட்டினேன். 'இருபத்தேழு பள்ளியில் இல்லை, உறுதி. மற்ற முப்பத்தொன்பதையும் பீங்கான் பொம்மைகள் பத்திரமாகப் படித்துக்கொண்டிருக்கின்றன.' சமத்காரமாக எழுதிவிட்ட திருப்தியோடு போனைப் பையில் போட்டேன்.

பின்னாலேயே மூச்சு வாங்கிக்கொண்டு அருளானந்தம் வந்து சேர்ந்தார். வாசலில் நின்று உள்ளே பார்த்தார். சட்டென்று அவருக்கு வயதாகிவிட்டது.

"ஒங்களுக்கு என்னங்க தெரியும்?" என்றார். "பெட்டியப் பிரிச்ச அன்னிக்கே ஒரு பையன் தொட்டுட்டான். ஒண்ணுல ஒரு பட்டன் கழண்டு போச்சு. ஏன் கழண்டுச்சு, யாரு பொறுப்புன்னு மூணு கடுதாசி. நான் கையெழுத்துப் போட்டு மன்னிப்புக் கேட்டேன். சரின்னு பீரோல வெச்சுப் பூட்டினேன். ஒடனே இன்னொரு கடுதாசி. உபயோகமே இல்ல, இப்படியே இருந்தா திருப்பி எடுத்துக்குவோம்னு. தொட்டா ஒடையும், தொடலன்னா போயிடும். நான் என்னா பண்ணட்டும்? பிள்ளைங்களும் தொடாம, உபயோகமும் கொறையாம ஒரு வழி சொல்லுங்க, கேட்டுக்கறேன்."

"அதான் நீங்களே கண்டுபிடிச்சுட்டீங்களே" என்றார் அக்கா. கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"பொம்ம யாரு குடுத்தது?"

"கனிமொழியோட அம்மா" என்றாள் லீமா. "பூவாயின்னு பேரு. தொழிற்பேட்டைக்குப் பின்னால ஒரு பட்டறைல பொம்ம தொடைக்கிறாங்க. கழிச்சுப் போட்டத ஒரு கூடை குடுத்தாங்க. தெனமும் கனிமொழிதான் எனக்கு எடுத்து வெச்சுக் குடுப்பா. ஒரு நாளு கேட்டா, 'டீச்சர், எல்லாத்துக்கும் பொம்ம வெக்கணுமா? ஒண்ண நான் தட்டக் கூடாதா'ன்னு. மறுநாளே பைக்குள்ள வெச்சு அனுப்பிட்டேன்." அவள் முயலை ஒருவழியாக மேஜையில் வைத்தாள். "என் வேலை போனா போவட்டும். எம் பேரயே எழுதிக் குடுங்க. ஆனா அத அவகிட்டேர்ந்து வாங்கிடாதீங்க. இன்னும் நாலு நாளைக்காவது."

"நாலு நாள்ல என்ன?"

"போயி பாருங்க. பாத்துட்டு எழுதுங்க."

வராந்தாவில் மூன்றாவது வரிசையில் ஒரு பெண் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுதவில்லை. அதுதான் கனிமொழி, கூப்பிடட்டுமா என்று அருளானந்தம் கேட்டார். எல்லார் முன்னாலும் வேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டார். நாங்கள் பள்ளி விடும் வரை கீழே காத்திருந்தோம்.

காத்திருந்த நேரத்தில் அந்த மெசேஜைப் பற்றி நான் அக்காவிடம் சொல்லியிருக்கலாம். எனக்கு ஞாபகமே வரவில்லை. வேண்டுமென்று மறைத்தேன் என்றால்கூடக் கொஞ்சம் மரியாதையாக இருந்திருக்கும்.

★

கனிமொழி எங்களைக் கூட்டிப்போன பட்டறை, தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு நீளமான தகரக் கொட்டகை. பலகைகளில் சுடாத பச்சைப் பொம்மைகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. பூவாயி ஈர ஸ்பாஞ்சால் ஒவ்வொரு யானையின் முதுகிலும் அச்சுக் கோட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். முழங்கை வரை வெள்ளை. எங்களைப் பார்த்ததும் எழுந்து கையைப் புடவையில் துடைத்தார்.

"ஸ்கூலுலேர்ந்து வராங்கம்மா" என்றாள் கனிமொழி. அவளுக்கு நாங்கள் யார் என்று தெரிந்திருந்தது. பயந்த முகம், ஆனால் ஒளிக்கிற முகம் இல்லை. மூலையிலிருந்த கோணிப்பையை விலக்கி, துணியில் சுற்றியிருந்த இருபத்தேழாம் நம்பரை எடுத்துக் கவிழ்த்த மரப்பெட்டி மேல் வைத்தாள்.

"ஒடையல. பாத்துக்கங்க. ஒரு கீறல்கூட இல்ல" என்றாள்.

"நான் ஒடஞ்சிருக்கான்னு பாக்க வரலம்மா" என்றார் அக்கா. "என்னா எழுதறன்னு பாக்க வந்தேன்."

கனிமொழி அம்மாவைப் பார்த்தாள். பூவாயி தலையசைத்தார்.

"எங்கப்பா சொன்னதுங்க" என்றாள்.

திறந்து காட்டினாள். பதினோரு பக்கம். நான் கொட்டகையின் வாசலில் நின்றேன். உள்ளே தூசி எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று ஒரு சாக்கு. அக்கா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்து, வாய்விட்டே படிக்கத் தொடங்கினார். அவர் எதைப் படித்தாலும் வாய்விட்டுத்தான் படிப்பார், அது புகார்ப் பிரிவுப் பழக்கம்.

"'எம் பேரு கொளஞ்சியப்பன். நான் தொண்ணூத்தாறு தை மாசம் அரவைப் பிரிவுல சேந்தேன். அப்ப மேஸ்திரி மாணிக்கவேல். அரவைல கல்லு மாவு பறக்கும். மொகத்துல துண்டு கட்டிக்குவோம். துண்டு சாயங்காலம் கல்லு மாதிரி ஆயிடும். தொண்ணூத்தெட்டு ஆடில மொத தடவ ரத்தம் துப்பினேன்...'"

பூவாயி நடுவில் குறுக்கிட்டு எங்களுக்குச் சொன்னார், தணிந்த குரலில், சண்டை பிடிக்கிற தொனி எதுவும் இல்லாமல். புருஷன் போன மாதம் இறந்துபோனார். அது அரவை மாவால் வந்த நோய் என்று ஆஸ்பத்திரியில் வாயால் சொன்னார்கள். அவர் வேலை பார்த்த பீங்கான் ஆலைக்காரர்கள், கொளஞ்சியப்பன் அரவைப் பிரிவில் வேலையே பார்க்கவில்லை, கேட்டில் வாட்ச்மேனாக இருந்தார் என்கிறார்கள். எந்த வருஷம் எந்தப் பிரிவு, மேஸ்திரி யார், கூட நின்றவர் யார் யார் என்று எல்லாம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். மூச்சு விட முடியாமல் படுத்துக்கிடந்தபோது நாலு ஞாயிற்றுக்கிழமை அதைச் சொல்லச் சொல்ல இந்தப் பெண் தட்டினாள். காலையில் ஐந்தரைக்கு எழுந்து தப்பைத் திருத்தினாள். வருகிற திங்கட்கிழமை கடலூரில் கலெக்டர் மனு வாங்குகிற நாள். நஷ்டஈடு கேட்கும் மனுவோடு இதையும் கொடுக்க வேண்டும்.

"நாளைக்கு லீமா டீச்சர் பிரிண்டு போட்டுத் தரேன்னாங்க. அந்த ஓட்டைய அடச்சிட்டாங்கல்ல, அதனால மிஷினையே கடைக்குத் தூக்கிட்டுப் போவணும்" என்றாள் கனிமொழி.

கண்ட நேரத்தில் தட்டியதால் சிவப்பு. எனக்கு முதல் தடவையாக அந்த நிறத்தின் மேல் கோபம் வந்தது.

அக்கா கண்ணாடியைக் கழற்றினார். "அசீமு, சென்னைக்கு எழுது. நாப்பதுல ஒண்ணுதான் வேலை செய்யுது. அது இருபத்தேழு. மீதி முப்பத்தொம்போதையும் திறந்து பிள்ளைங்ககிட்ட குடுங்க, ஒடஞ்சா ஒடையட்டும்னு நான் சொன்னேன்னு எழுது. எடுத்தவங்க பேருன்னு ஒண்ணும் கெடயாது."

அப்போதுதான் எனக்கு மதியம் அனுப்பிய வரி ஞாபகம் வந்தது.

"அக்கா" என்றேன்.

"தம்பி, டீ குடிக்கிறீங்களா?" என்றார் பூவாயி.

"அக்கா, நான் ஒரு..."

"ஐயோ" என்றாள் கனிமொழி.

திரை சாம்பல் நிறமாகியிருந்தது. நடுவில் இரண்டு வரிகள், நல்ல தமிழில், பிழையில்லாமல். 'இக்கருவி வெற்றிகரமாக மீட்கப்பட்டது. மாணவரின் தகவல்கள் அவரது பாதுகாப்புக்காக நீக்கப்பட்டன.'

அவள் ஒரு பட்டனைத் தட்டினாள். இன்னொன்றைத் தட்டினாள். "நான் எதுனா தப்பா அமுத்திட்டேனா? நான் ஒண்ணுமே தொடலைங்க. கையக் கட்டிட்டுத்தான் ஒக்காந்திருந்தேன்."

அக்கா என் முகத்தைப் பார்த்தார். இருபத்திரண்டு வருடம் காணாமல்போன கடிதங்களைத் தேடியவருக்கு, தொலைத்தவன் முகம் தெரியாதா? என் பையிலிருந்து போனை அவரே எடுத்து, ராஜ்மோகனை அழைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"மேடம், சூப்பர்!" என்றது அந்தக் குரல். "இப்பதான் மீட்டிங் முடிஞ்சு வந்தேன். அசீம் மெசேஜ் பார்த்த உடனே பூட்டிட்டேன். செம ஃபாஸ்ட் உங்க ஆளு."

"அதுல இருந்தது திரும்ப வருமா?"

"வராது மேடம். பூட்டினா உள்ள இருக்கறது முழுசா அழிஞ்சிடும். குழந்தைகளோட பாதுகாப்பு விஷயத்துல நாங்க ரொம்ப கண்டிப்பு."

"மத்த முப்பத்தொம்போதையும் பத்தி அவன் எழுதியிருந்தானே. படிச்சீங்களா?"

ராஜ்மோகன் மனம்விட்டுச் சிரித்தார். "பொம்மைங்க படிக்குதுன்னு எழுதியிருந்தாரே, அதுவா? ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் காட்டினேன். நல்ல ஜோக்கு."

"ஜோக்கு இல்ல சார். நெஜம்."

ராஜ்மோகன் சிரிப்பை நிறுத்தினார். "மேடம், இந்த வருஷ அறிக்கை அச்சுக்குப் போயாச்சு. முப்பத்தொன்பது பச்சை. நான் உங்களைக் கேட்டது அந்த ஒரு சிவப்பை மட்டும்தான். அது முடிஞ்சிடுச்சு. எடுத்தவங்க பேரை மட்டும் அனுப்பிடுங்க."

"பேரு கெடயாது" என்று சொல்லி அக்கா போனை அணைத்தார்.

நான் பூவாயிக்கு முன்னால் போய் நின்றேன். "நான்தான்மா அனுப்பினேன். அது ஸ்கூல்ல இல்லன்னு. அதனாலதான் அழிஞ்சுபோச்சு" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. புரிந்திருந்தால் என்னை அடித்திருப்பார், எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். "அனுப்புனா என்னா தம்பி, திருப்பிக் கேளுங்க. எங்கூட்டு ஆளு சொன்னத வெச்சுக்கிட்டு அவங்க என்னா பண்ணப் போறாங்க? குடுத்துடுவாங்க" என்றார். டீயை என் கையில் வைத்தார்.

கனிமொழிக்குப் புரிந்துவிட்டது. அவள் அழவில்லை. திரையை மூடி, மறுபடி திறந்து பார்த்தாள். "எனக்குக் கத தெரியும். வருஷமும் பேரும்தான் தெரியாது. அடிச்சு வெச்சாச்சேன்னு மனப்பாடம் பண்ணல. வருஷமும் பேரும்தான் அங்க கேப்பாங்கன்னு அப்பா சொன்னாரு" என்றாள்.

"நோட்டு எடு" என்றார் அக்கா.

"எதுக்குங்க?"

"நான் படிச்சேன்ல. எனக்கு ஒரு தடவ படிச்சா போதும். எழுது, சீக்கிரம்."

கனிமொழி பள்ளிப் பையிலிருந்து கணக்கு நோட்டை எடுத்துப் பின்பக்கத்தைத் திறந்தாள். பூவாயி ஸ்பாஞ்சைக் கையில் பிடித்தபடி வந்து உட்கார்ந்தார். அக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

"எம் பேரு கொளஞ்சியப்பன். நான் தொண்ணூத்தாறு தை மாசம் அரவைப் பிரிவுல சேந்தேன். அப்ப மேஸ்திரி மாணிக்கவேல்." ஒரு சொல் பிசகவில்லை. பேனா ஓடியது. துண்டு கல் மாதிரி ஆனது வந்தது. தொண்ணூற்றெட்டு ஆடியில் ரத்தம் துப்பியது வந்தது. அதற்கப்புறம் கூட வேலை பார்த்த இரண்டு பேருடைய பெயர்கள் வந்தன. பூவாயி, "ஆமா, ஆமா, அப்படித்தான் சொல்லுவாரு" என்றார்.

அக்கா நிறுத்தினார்.

கனிமொழி பேனாவைத் தூக்காமல் காத்திருந்தாள். "அப்பறம்?" என்றாள்.

அக்கா கண்ணைத் திறக்கவில்லை. பதினோரு பக்கத்தில் அவர் படித்திருந்தது ஒன்றரைப் பக்கம்.

"அப்பறம் சொல்லுங்க" என்றாள் கனிமொழி.